கால்வாய்க் கரையில் பூத்திருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணியா?

தெஹிவளையில் இருந்து ஒருவர் படம் ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரை முழுக்க மஞ்சள் பூப் பூத்து ஒரு செடி பாய் விரித்த மாதிரிப் படர்ந்து கிடக்கிறதாம், பக்கத்து வீட்டு அக்கா அதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிறாராம், அம்மாவுக்கு ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், காலையில் வெறும் வயிற்றில் சாறு பிழிந்து கொடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் அளவு பற்றிய கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. படத்தில் இருக்கும் செடி அதுதானா, அது ஈரலுக்கு ஏதாவது செய்யுமா, செய்தாலும் அந்தக் கரையில் இருந்து பிடுங்கி வாயில் வைக்கலாமா. எத்தனை நாள் என்பது இந்த மூன்றையும் தாண்டி வந்தபிறகு கேட்கவேண்டியது. அந்த இடத்துக்கு நாம் போய்ச் சேரப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தாவரவியல் படித்து, அதையே இருபத்தாறு வருடம் கொழும்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். இப்போது ஓய்வு. வைத்தியன் இல்லை, சித்த மருத்துவம் முறையாகப் படித்தவனும் இல்லை. ஆகவே செடியைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் ஈரலைப் பற்றிச் சொல்வதை, அவரைப் பார்க்கும் டொக்டரிடம் நீங்கள் கேட்பதற்கான கேள்விகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ நன்றாக விழுந்திருக்கிறது, இலைதான் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. எல்லாரும் இப்படித்தான் செய்வோம், பூ வடிவாக இருக்கிறது என்று அதற்குக் கிட்டப் போவோம், ஆளை அடையாளம் காட்டவேண்டிய இலை படத்துக்கு வெளியே நிற்கும். நல்ல காலமாக இடது பக்க மூலையில் ஓர் இலை முழுதாகத் தெரிகிறது. எண்ணெய் தடவின மாதிரி மினுக்கம், கரும்பச்சை, கொஞ்சம் தடிப்பு, அடியில் ஒடுங்கி மேலே அகன்று, நுனிக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை பிதுங்கி மொத்தத்தில் மூன்று மடலாக நிற்கிறது. இந்த இலையை வைத்துச் சொன்னால் இது கரிசலாங்கண்ணி அல்ல. மெக்ஸிகோவில் இருந்து தென் அமெரிக்கா வரைக்கும், கரீபியன் தீவுகளிலும் சொந்தமாக வளர்கிற ஸ்பாக்னெடிகோலா ட்ரைலோபேட்டா. சூரியகாந்திக் குடும்பத்தில் பல்லாண்டு வாழும் ஒரு படர்செடி. நர்சரியில் போய் வெடேலியா என்று கேட்டால் இதைத்தான் பையில் போட்டுத் தருவார்கள். ட்ரைலோபேட்டா என்றாலே மூன்று மடல் உள்ளது என்று அர்த்தம். 1759இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லினேயஸ் பெயர் வைத்தபோதே இலையைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். பூவைப் பார்த்துப் பெயர் வைப்பது நம்முடைய பழக்கம்.

குழப்பம் எங்கே இருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்காமேல் முழுப் பிழையையும் போட முடியாது. சித்த மருத்துவத்தில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும் பொற்றலைக் கையாந்தகரை என்றும் சொல்லப்படும் செடிக்கும் தாவரவியலில் நெடுங்காலம் வெடேலியா என்றுதான் பெயர். யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வெடெல் என்ற ஜெர்மன்காரர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் அது. நர்சரிச் செடியும் வெடேலியா, மருந்துச் செடியும் வெடேலியா, இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டும் படர்கிறவை, இரண்டும் ஈரத்தில் செழிக்கிறவை. 1996இல் இரண்டையும் சேர்த்தே ஸ்பாக்னெடிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், அந்தப் பெயருக்குச் சதுப்புப் பாசியில் வாழ்வது என்று அர்த்தம். ஆக பெயர் மாறியும் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. இணையத்தில் வெடேலியா என்று தேடி வாசிக்கிறவர் ஒன்றின் குணத்தை எடுத்து மற்றதன் தலையில் வைத்துவிடுகிறார். யூடியூபில் கரிசலாங்கண்ணி மகிமை சொல்லும் எத்தனையோ வீடியோக்களில் பின்னால் ஆடிக்கொண்டு நிற்பது இந்த மூன்று மடல்காரன்தான்.

அசல் செடி எப்படி இருக்கும்? ஸ்பாக்னெடிகோலா கலெண்டுலேசியா, பழைய புத்தகங்களில் வெடேலியா சைனென்சிஸ், சிங்களத்தில் ரன்வன் கீகிரிந்திய. இலை ஒடுக்கமாக, நீளமாக, ஈட்டி முனை போல இருக்கும். மடல் கிடையாது, ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மழுங்கிய பல் இருந்தால் உண்டு. காம்பு இல்லை என்றே சொல்லலாம். தடவிப் பார்த்தால் மினுக்கம் இல்லாமல் சொரசொர என்று இருக்கும், இரண்டு பக்கமும் இலையோடு ஒட்டிப் படுத்த மயிர். பூவின் அளவையும் நிறத்தையும் நம்பவேண்டாம், அவை வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். இதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறது, நாம் வீட்டில் சும்மா கையாந்தகரை என்று சொல்லி எண்ணெய் காய்ச்சுவது, சிங்களத்தில் கீகிரிந்திய, எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. அதற்குப் பூ வெள்ளை, உளுந்தளவுதான், ஆகவே அதை இவற்றோடு குழப்ப வழியில்லை. அதன் தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டால் சாறு பச்சையில் இருந்து கறுப்புக்குத் திரும்பும், அந்தக் கறுப்பு சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைச் செய்து காட்டினால் அன்றைக்கு முழுக்கக் கையைக் கழுவாமல் திரிவார்கள்.

மஞ்சள் தலை உள்ள இன்னொன்றும் கொழும்பு வளவுகளில் வரும், ஓரத்தில் இதழே இல்லாமல் சின்னக் கூம்பாக நிற்கும், மென்றால் நாக்கு விறைக்கும், பல்வலிக்குக் கடிப்பார்கள். சிங்களத்தில் அக்மெல்ல. தாவரவியலில் அதன் பேரினப் பெயரே அக்மெல்லா, நம்முடைய தீவின் சொல் அப்படியே லத்தீனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1670களில் டச்சுக் கம்பனியின் வைத்தியராக இங்கே வந்த பவுல் ஹெர்மன் என்பவர் செடிகளைக் காயவைத்துச் சேர்த்து வைத்திருந்தார், அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் இலங்கையைக் கண்ணாலும் காணாத லினேயஸ் 1747இல் இந்த நாட்டுத் தாவரங்களுக்கு ஒரு நூலே எழுதினார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சரி, உங்கள் கையில் செய்யக்கூடிய சோதனைக்கு வருவோம். தண்டின் நுனியில் இருக்கிற பிஞ்சு இலையைப் பார்க்காதீர்கள், அதில் மடல் சரியாக விரிந்திராது. நல்ல நிழலில் வளர்ந்த தண்டையும் விடுங்கள், நிழலில் சில இலைகள் மடலே இல்லாமல் சாதுவாக வந்து ஏமாற்றும். வெயில் படுகிற பக்கமாக ஒரு தண்டைத் தேர்ந்து, பூவில் இருந்து கீழ்நோக்கி எண்ணி, மூன்றாவது நான்காவது கணுவில் எதிரெதிராக நிற்கும் இலைச் சோடியைப் பறியுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் விரித்து வையுங்கள். பத்து இலையில் ஆறு ஏழு மூன்று மடலாக வந்தால் விஷயம் முடிந்தது. அப்படியே தண்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வரும். இந்த வேர் அசலிலும் உண்டு, அதனால் அடையாளத்துக்கு உதவாது, ஆனால் பிறகு இதைப் பிடுங்கப் போகும்போது நினைவில் இருக்கவேண்டும். கையோடு ஒரு பூவையும் நகத்தால் நடுவே பிளந்து பாருங்கள். நாம் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, அதன் நுனியில் இரண்டு மூன்று சின்ன வெட்டு இருக்கும். நடுவில் இருக்கும் மஞ்சள் பொத்தானில் இன்னும் பல பத்துக் குழாய்ப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பூ என்று படம் எடுத்துப் போட்டது ஒரு பூக்கூட்டம். சூரியகாந்திக் குடும்பம் முழுக்க இப்படித்தான்.

இந்த மாறாட்டம் வீட்டுக் கொல்லையோடு நிற்பதில்லை. சில வருடங்களுக்கு முன் நகருக்குள் ஒரு மூலிகைக் கடையில் மஞ்சள் கரிசாலை என்று எழுதிய காய்ந்த கட்டு ஒன்று வாங்கினேன், வாங்கினது மருந்துக்கு இல்லை, சந்தேகத்துக்கு. வீட்டுக்கு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு வைத்தேன். காய்ந்து சுருண்ட இலை மெல்ல மெல்ல இளகி விரியும், தேயிலை விரிவது மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பைத் தட்டின் பின்பக்கத்தில் ஈர்க்குச்சியால் நீவி விட்டேன். எட்டு இலையில் ஐந்தில் மூன்று மடல் அச்சடித்தது போலத் தெரிந்தது. கடைக்காரரிடம் போய்க் காட்டினேன், அவருக்குக் கோபம் வரவில்லை, "ஐயா, கொண்டுவந்து போடுகிறவன் இதுதான் என்கிறான், பூ மஞ்சள்தானே" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அவரும் ஏமாந்திருக்கிறார். தூளாக அரைத்து விற்றிருந்தால் எனக்கும் ஒன்றும் விளங்கியிராது. அன்றில் இருந்து யார் கேட்டாலும் தூளாக வாங்காதீர்கள், இலை தெரிகிற மாதிரி வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் அடையாளத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. தென் சீனாவில் குவாங்டாங் பகுதியில் இந்த இரண்டு செடிகளும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து, தாமாகவே கலந்து ஒரு கலப்பினம் உண்டாகியிருக்கிறது. அதன் இலை இரண்டுக்கும் நடுத்தரமாக இருக்கும். எனவே பாதி மடல், பாதி சொரசொரப்பு என்று ஒரு செடி கையில் வந்தால் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரமாட்டேன். அப்போது பூவோடும் இலையோடும் ஒரு தண்டை வீரகேசரிப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, மேலே பாரமான புத்தகம் ஏற்றி, தாளை நாளுக்கு ஒருமுறை மாற்றிக் காயவைத்து, பேராதனையில் இருக்கும் தேசிய உலர்தாவரச் சாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. உங்கள் படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அந்த ஒரு இலை பச்சையாகப் பேசுகிறது.

அடுத்தது, இதைக் குடித்தால் என்ன ஆகும்? விஷச்செடி என்று நான் சொல்லமாட்டேன், அது மிகைப்படுத்தல். கரீபியன் பக்கத்து மக்கள் இதை நாட்டு மருந்தாகவே வைத்திருக்கிறார்கள், முதுகுவலிக்கும் தசைப்பிடிப்புக்கும் அவித்துக் கட்டுவார்கள், தடைப்பட்ட மாதவிலக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கருப்பையைச் சுத்தம் செய்யவும் கஷாயம் கொடுப்பார்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை வாசியுங்கள். கருப்பையில் வேலை செய்யும் என்று நம்பிக் கொடுக்கப்படும் ஒன்றை, வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருக்கும்போது கீரை என்று வறுத்துப் பரிமாற முடியுமா? கால்நடைகளில் இதைத் தின்று கன்று கலைந்ததாகவும் முறைப்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. செடிக்குள் கௌரீனோயிக் அமிலம் என்ற பொருளும் அதன் உறவுக்காரப் பொருட்களும் இருப்பது வேதியியலில் உறுதியான விஷயம். அதை மாதக்கணக்கில் பச்சைச் சாறாகக் குடித்த மனிதரின் ஈரல் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது, நம்முடைய சித்த வைத்திய மரபிலும் அதற்கு இடம் இல்லை, ஏனென்றால் அந்த மரபு உருவான காலத்தில் இந்தச் செடி இந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாயிரம் வருட அனுபவம் என்று சொல்லிக் கொடுப்பது அடுத்தவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போவது மாதிரி.

ஒரே குடும்பம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சூரியகாந்திக் குடும்பம் பெரிய குடும்பம், அதற்குள் சாதுவும் உண்டு, கொலைகாரரும் உண்டு. முயற்செவி என்று நாம் சொல்கிற, ஊதா நிறத்தில் குஞ்சம் போலப் பூக்கும் சின்னச் செடியும் இதே குடும்பம்தான், அதில் இருக்கும் ஒரு வகை அல்கலோயிட்டுகள் நீண்ட நாள் உள்ளே போனால் கெடுப்பது வேறு எதையும் அல்ல, ஈரலைத்தான். அதைவிட மோசமானது மருளூமத்தை. 2007இல் வடகிழக்கு வங்காளதேசத்தில் வெள்ளத்துக்குப் பிறகு சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சனங்கள் அதன் முளைக்கன்றுகளைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 76 பேர் நோயாளியானார்கள், 19 பேர் இறந்தார்கள். அவர்களும் கீரை தெரியாதவர்கள் இல்லை, கிராமத்துச் சனம்.

இப்போது ஈரலுக்கு வருகிறேன். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியாகவே இருந்தால்? அதற்கு மரபில் பெரிய இடம் உண்டு, மறுக்கமுடியாது. காமாலை, பாண்டு என்ற இரத்தசோகை, சோபை என்ற வீக்கம் என்று சித்த நூல்கள் அடுக்குகிற நோய்களுக்குக் கையாந்தகரை வகைகள் சொல்லப்படுகின்றன. வள்ளலார் கரிசலாங்கண்ணியை நாளாந்தம் சேர்க்கவேண்டிய ஞான மூலிகையாகவே வைத்தார். 1956இல் சென்னையில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த மஞ்சள் செடியில் இருந்து எடுத்த ஒரு பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள், செடியின் பெயரையே வைத்து அதை வெடெலோலாக்டோன் என்று அழைத்தார்கள். வெள்ளைப்பூக் கையாந்தகரையிலும் அதே பொருள் இருக்கிறது. பெரியவர்கள் இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்ததில் ஏதோ கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் தோன்றும். எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கும் நச்சு ஒன்றைக் கொடுத்து, கூடவே இந்தச் சாற்றையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஈரல் குறைவாகவே கெட்டிருக்கிறது. இது வரைக்கும் உறுதி.

இதற்குப் பிறகு தரை வழுக்கத் தொடங்குகிறது. எலியின் ஈரல் ஒரே நாளில் நச்சினால் அடிபட்டது, உங்கள் அம்மாவுடையது வருடக்கணக்கில் கொழுப்புச் சேர்ந்தது. இரண்டும் ஒரே நோய் இல்லை. நூல்களில் வரும் காமாலையும் கண் மஞ்சளாகிற ஒரு குறி, அதற்குப் பின்னால் வைரசும் இருக்கலாம், பித்தக்கல்லும் இருக்கலாம். ஸ்கேனில் கொழுப்பு என்று வருவதை அந்தச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. ஈரலில் கொழுப்பு என்பது நம்மூரில் அபூர்வமும் இல்லை, கொழும்புக்குப் பக்கத்தில் ராகமையில் வளர்ந்தவர்களிடம் செய்த பெரிய ஆய்வொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. இதற்கு வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்தது உடல் நிறையைக் குறைப்பது, நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் ஈரலில் மாற்றம் நன்றாகவே தெரிகிறது. எழுபது கிலோ என்றால் ஐந்து முதல் ஏழு கிலோ. பின்னேரத் தேத்தண்ணிக்குப் போடுகிற மூன்று கரண்டி சீனியில் இருந்து தொடங்கலாம், யாரும் அதற்கு வீடியோ போடமாட்டார்கள். அம்மா சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார் என்றால் எந்த மூலிகைச் சாற்றையும் டொக்டரிடம் சொல்லாமல் தொடங்கவேண்டாம், சாறு தன் பங்குக்குச் சீனியைக் குறைத்துவிட்டால் குளிசையோடு சேர்ந்து தலைசுற்றி விழவைக்கும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சுருக்கம்: பறிக்காதீர்கள். அசல் செடியே அங்கே முளைத்திருந்தாலும் பறிக்காதீர்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் சதுப்புநில நகரம் என்று சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது உண்மை, நமக்குப் பெருமையும்தான், ஆனால் நம் கால்வாய்களின் வழியே என்னென்ன ஓடுகிறது என்பது கரையில் வீடு உள்ள உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரையோரச் செடிகள் மண்ணில் உள்ள ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் அவித்தாலும் அவை போகாது. மழை பெய்து தண்ணீர் ஏறி இறங்கின பிறகு எலிச் சிறுநீர் கலந்த சேறு இலை மேல் ஒட்டிக் கிடக்கும், எலிக்காய்ச்சல் அப்படிப்பட்ட தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து வருகிற நோய். நீங்கள் கேட்டதோ அவிக்காத பச்சைச் சாறு. இலைக்கஞ்சி என்றால் குறைந்தது கொதிக்கவாவது கொதிக்கும். ஏற்கனவே ஓரிரு நாள் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், நிறுத்துங்கள். வாந்தி, வயிற்றுவலி, கண் மஞ்சள், கடும் சோர்வு ஏதாவது தெரிந்தால் செடியில் ஒரு தண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சு பற்றிய தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே செடியைக் காட்டினால் வேலை சுலபம்.

அசலைத்தான் கொடுக்கவேண்டும் என்று அம்மாவே பிடிவாதமாக நின்றால், பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் ஸ்கேன் அறிக்கையோடு அழைத்துப் போங்கள். பொரளையில் ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது, நாவின்னையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடியை வீட்டில் வளர்க்க ஆசை என்றால், இலையைச் சோதித்துப் பார்த்து ஒரு துண்டுத் தண்டு வாங்கிச் சட்டியில் ஊன்றுங்கள், ஈரம் காயாமல் இருந்தால் இரண்டு கிழமையில் பிடித்துவிடும். சட்டியில் என்று சொன்னதைக் கவனியுங்கள்.

இனி அந்தக் கரைச் செடியை என்ன செய்வது? கேட்காத கேள்வி, ஆனால் இதைச் சொல்ல எனக்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் நாங்கள் இருந்த தொடர்மாடியின் மதில் ஓரத்தில் புழுதி பறக்கிறது என்று பத்துத் தண்டு வெடேலியா வாங்கி ஊன்றியவன் நான்தான். படிப்பித்துக்கொண்டிருந்தது தாவரவியல், செய்தது இது. ஒரு வருடத்தில் மதில் ஓரம் மூடியது, இரண்டாம் வருடம் மதிலுக்கு வெளியே இருந்த தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் தொகுத்த உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இது இருக்கிறது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியவந்தது. சிங்களத்தில் பொடிசிங்ஞோமரன் என்கிற குரோமோலீனாவும், மரத்தை மூடிப் போர்க்கும் மைக்கானியாவும் அதே பட்டியல், அதே சூரியகாந்திக் குடும்பம். இது விதையை அவ்வளவாக நம்பி வாழ்வதில்லை. ஒரு கணு போதும். புல் வெட்டும் மெஷின் நூறு துண்டாக்கி வீசினால் நூறு செடி. கடற்கரை உப்புக்காற்றையும் தாங்கும், நிழலையும் தாங்கும், தன் இலைச்சாற்றால் பக்கத்தில் மற்ற விதைகள் முளைப்பதையும் தடுக்கும். கால்வாய் வாரும்போது அள்ளிக் கரையில் போடும் சேற்றோடு கணுக்களும் ஊர்சுற்றும். இவ்வளவும் தெரிந்தால் பெல்லன்வில அத்திடிய சதுப்பு ஓரங்களில் இதைப் பார்க்கும்போது அழகு என்று சொல்ல வாய் வராது.

பிடுங்குவதென்றால் மழை விட்ட மறுநாள் பிடுங்குங்கள், மண் இளகியிருக்கும். கையுறையும் நீளச் சப்பாத்தும் போடுங்கள், கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இறங்கவேண்டாம். தண்டை இழுத்து அறுக்காமல் ஒவ்வொரு கணுவாக வேரோடு தூக்குங்கள். பிடுங்கியதைக் கால்வாயில் தள்ளிவிட்டால் தண்ணீர் போகிற பக்கம் இருப்பவருக்குப் பரிசு அனுப்பியது போல ஆகிவிடும். கொங்ரீட் தரையிலோ தகரத்திலோ பரப்பிச் சருகாகும்வரை காயவிடுங்கள், ஈர மண்ணிலோ குப்பை உரக்குழியிலோ போடவேண்டாம், அங்கே சந்தோஷமாகத் துளிர்க்கும். மூன்று கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்து மிச்சம் முளைத்ததை எடுக்கவேண்டும். நான் நட்ட பத்துத் தண்டை முழுதாக எடுக்க எனக்கு நாலு வருடம் பிடித்தது, அதுவும் கானுக்குள் போனதை எடுக்கவே இல்லை.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வெயில் பக்கத்துத் தண்டில் இருந்து நான் சொன்ன மாதிரி நான்கு இலை பறித்து, வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியையும் வைத்து, மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று இரண்டு படம் போடுங்கள். பூ வேண்டாம். பார்த்துவிட்டு இதே இடத்தில் எழுதுகிறேன்.